அமெரிக்கன் மாவும் பெயர் தெரியாத நோயும்

வன்னியில் ஒரு பிள்ளை மெலிந்திருந்தால் நாங்கள் காரணம் தேடுவதில்லை. காரணம் ஏற்கனவே கையில் இருக்கிறது. சாப்பாடு காணாது, வயித்துக்குள்ள பூச்சி, தண்ணி சரியில்லை, தாய்க்கே இரத்தம் காணாது, இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்துப் பிள்ளை. தர்மபுரத்தில் ஒரு கிளினிக் நாளில் நிறை பார்க்கக் கொண்டுவந்த பிள்ளையின் கோடு பதிவேட்டில் மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தால், சுற்றி நிற்கிற எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். பெரும்பாலும் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். அது சரிவராமல் போகிற சில பிள்ளைகளையும் சில பெரியவர்களையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

நோயின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனதும் சிலருடைய உடல் தன் சிறுகுடலைத் தானே தாக்கத் தொடங்கிவிடும். ஓ.எல் விஞ்ஞானத்தில் படம் கீறிப் படித்தோமே, சடைமுளைகள், அவை மழுங்கித் தட்டையாகிப் போகும். சாப்பாடு உள்ளே போகும், சத்து உடம்பில் சேராது. நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறது மாதிரியான ஒவ்வாமை இல்லை இது. ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போகாது. குளூட்டனை முற்றாக நிறுத்தினால் குடல் ஆறும், திரும்பத் தொடங்கினால் திரும்பப் பழுதாகும். இதைக் குணமாக்க இன்றுவரை குளிசை இல்லை.

இந்த நோயின் வரலாற்றை வாசிக்கும்போது எங்களுக்கு முதலில் பட்டது, அதை வயது வயதாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது. முதலில் சின்னப்பிள்ளைகளில், பிறகு பெரியவர்களில், கடைசியாக வெளியில் பெரிதாக ஒன்றுமே தெரியாதவர்களில். அறிகுறிகளையும் அந்த ஒழுங்கிலேயே சொல்லிக்கொண்டு போகிறோம்.

ஏறத்தாழ 1,900 வருடங்களுக்கு முன் கப்படோசியாவைச் சேர்ந்த அரேட்டியஸ் என்ற கிரேக்க வைத்தியர், சாப்பாடு செமிக்காமல் அப்படியே வெளியேறுகிற, ஆளை உருக்குகிற ஒரு நாட்பட்ட நோயைப் பற்றி எழுதினார். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் வைத்த பெயர்தான் சீலியாக் என்று இன்றைக்கும் நிற்கிறது. அதற்குப் பிறகு நெடுங்காலம் பெரிய பேச்சில்லை. 1887 ஒக்டோபர் 5ஆம் திகதி இலண்டனில் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையில் சாமுவேல் ஜீ என்பவர் ஒரு விரிவுரை செய்தார், அடுத்த வருடம் அது அச்சில் வந்தது. எல்லா வயதிலும் வரக்கூடியது, ஆனால் ஒன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளில் அதிகம் என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். குணப்படுத்த முடியுமென்றால் அது சாப்பாட்டால்தான் முடியும் என்றும் சொன்னார். இவ்வளவு சரியாகச் சொன்ன மனுசன், எந்தச் சாப்பாடு என்று வந்தபோது முழுக்கப் பிழைத்துவிட்டார். சோறு கூடாது என்றார். மெல்லிசாக வெட்டி இரண்டு பக்கமும் முறுக வாட்டிய பாண் கொடுக்கலாம் என்றார். மோல்ற் சேர்ந்த உணவு நல்லது என்றார். மோல்ற் என்பது முளைக்கவைத்த பார்லி. அவர் விலக்கியது பாதுகாப்பானது, அனுமதித்தது நஞ்சு. சோறு தின்று வளர்ந்த எங்களுக்கு இதை வாசிக்கச் சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் மெலிந்த பிள்ளைக்கு மோல்ற் மா கரைத்துக் கொடுத்தால் தேறும் என்கிற நம்பிக்கை எங்கட வீடுகளில் இன்னும் இருக்கிறது, ஆகவே பெரிதாகச் சிரிக்கவும் முடியவில்லை.

ஜீ இன்னொரு கதையும் சொல்கிறார். ஒரு பிள்ளைக்குத் தினமும் ஒல்லாந்து மட்டி அவித்துக் கொடுக்க அது அற்புதமாகத் தேறியது. மட்டிக் காலம் முடிந்ததும் திரும்ப விழுந்தது. அடுத்த வருடம் மட்டி வந்தபோது பிள்ளை வாயில் வைக்கவே மறுத்துவிட்டது. மட்டியில் மருந்து ஒன்றும் இல்லை. மட்டி தின்ற வயிற்றில் பாணுக்கு இடமிருக்கவில்லை, அவ்வளவுதான். 1924இல் நியூயோர்க்கில் சிட்னி ஹாஸ் இதே மாதிரி வாழைப்பழத்தால் பிள்ளைகளைத் தேற்றினார். பாண், தானியம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தித்தான் வாழைப்பழம் கொடுத்தார், ஆனால் புகழ் முழுக்க வாழைப்பழத்துக்குப் போனது. பல பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. காரணம் தெரியாமலே உயிர் காப்பாற்றுவது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நடக்கிற விசயம்.

விடை ஒல்லாந்தில் கிடைத்தது. ஹேக் நகரின் யூலியானா சிறுவர் வைத்தியசாலையில் வேலை செய்த வில்லெம் கரெல் டிக்கே 1930களிலேயே பாண் மீது சந்தேகம் கொண்டிருந்தார். பாணை நிறுத்தினால் பிள்ளைக்குச் சுகம் வருகிறது என்று ஒரு இளம் தாய் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டதுதான் தொடக்கம் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1941இல் கோதுமையில்லாத உணவு முறையைப் பற்றி அவர் எழுதியும்விட்டார். பிறகு வந்தது 1944–45 குளிர்காலப் பஞ்சம். ஜெர்மன் படைகள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதைத் தடுத்தன, சனம் துலிப் கிழங்கு அவித்துத் தின்றது, ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் டிக்கேயின் சீலியாக் பிள்ளைகள் மோசமாகவில்லை, தேறினார்கள். நேச நாடுகளின் உதவியோடு பாண் திரும்ப வந்தபோது திரும்ப விழுந்தார்கள். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேட்டில் கோதுமையும் ரையும் குற்றவாளிகள் என்று நிறுவப்பட்டது. அரிசி விடுதலையானது. ஜீ சோற்றைத் தள்ளிவைத்து 62 வருடங்கள் கழித்து!

பஞ்சம்தான் இதைக் கண்டுபிடித்தது என்று இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. பஞ்சம் எத்தனையோ நாடுகளில் வந்திருக்கிறது. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னமே பாணைச் சந்தேகித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள் அங்கே இருந்ததால்தான் அந்தப் பஞ்சம் சாட்சியானது.

அந்தப் பிள்ளைகளில் அவர்கள் கண்டது என்ன? பிறந்து தாய்ப்பாலோடு நன்றாக வளர்ந்த பிள்ளை. ஆறு மாதத்துக்குப் பிறகு மாரி பிஸ்கட், ரஸ்க், தேத்தண்ணிக்குள் தோய்த்த பாண் என்று தொடங்குகிறோம். சில மாதங்களில், பெரும்பாலும் இரண்டு வயதுக்கு முன், வயிற்றோட்டம் தொடங்கி நிற்காமல் இழுபடும். மலம் வெளிறி, அதிகமாக, கெட்ட மணத்தோடு, சிலவேளை எண்ணெய்ப் பசையோடு போகும். வயிறு ஊதிப் பானை மாதிரி முன்னுக்கு வரும், கையும் காலும் ஈர்க்குப்போல் இருக்கும். குண்டிச் சதை வற்றித் தோல் மடிந்து தொங்கும். பிள்ளை எந்த நேரமும் நசநசவென்று சிணுங்கும், சாப்பாட்டைக் கண்டால் தலையைத் திருப்பும். சில பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமே இருக்காது, சத்தி மட்டும் இருக்கும். மலச்சிக்கல்கூட இருக்கலாம். கவனிக்க வேண்டியது நிறைக் கோடுதான். அது ஏறிக்கொண்டு வந்து, கோதுமை தொடங்கிய பிறகு திரும்பியிருக்கிறதா?

இதற்கெல்லாம் எங்களிடம் பழைய பெயர்கள் உண்டு. மாந்தம், கிராணி, சவலை. நாட்டு வைத்தியத்தில் கிராணி என்றால் நாட்பட்ட கழிச்சல், சவலை என்றால் அடுத்த பிள்ளை வந்து தாய்ப்பால் நின்றுபோய் வாடிய பிள்ளை. அப்பெயர்களைக் கேலி செய்ய நாங்கள் வரவில்லை. அவை கண்ணால் பார்த்ததைச் சரியாகவே சொல்கின்றன. ஒரு பெயருக்குள் ஐந்தாறு நோய் அடங்கிப் போவதுதான் சிக்கல். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதுகிற போசாக்குக் குறைபாடு என்ற சொல்லும் சிலவேளை அதே வேலையைத்தான் செய்கிறது.

பெரியவர்களின் கதை வேறு பாதையில் வந்தது, அதில் எங்கட தீவின் பெயரும் இருக்கிறது. காலனித்துவ காலத்தில் வெப்ப நாடுகளில் இருந்த வெள்ளைக்காரருக்கு நாக்கு புண்ணாகி, வயிற்றோட்டம் நிற்காமல், ஆள் எலும்பாகிப் போகிற நோய் ஒன்று வந்தது. ஒல்லாந்தர் வைத்த பெயர் ஸ்ப்ரூ. ஆங்கில மருத்துவப் புத்தகங்களில் அதற்கு இன்னொரு பெயர், சிலோன் வாய்ப்புண். வெப்ப நாட்டுப் பக்கமே போகாத ஐரோப்பியருக்கும் இதே மாதிரி ஒன்று வருவதை 1932இல் டென்மார்க்கின் தைசன் விவரித்தார். அதை வெப்பமண்டலம் சாராத ஸ்ப்ரூ என்று தனியாக வைத்தார்கள். பிள்ளைகளின் சீலியாக்குக்கும் பெரியவர்களின் இந்த ஸ்ப்ரூவுக்கும் தொடர்பிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் உயிரோடு இருக்கிற ஒருவரின் சிறுகுடலை யாரும் பார்த்திருக்கவில்லை. 1954இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் ஜோன் போலி அறுவைச் சிகிச்சையில் எடுத்த குடல் துண்டுகளில் சடைமுளைகள் சிதைந்திருப்பதைக் காட்டினார். 1956இல் மார்கொட் ஷைனர் வாய் வழியாகக் குழாய் விட்டுத் துண்டு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1960இல் அமெரிக்காவில் சீரஸ் ரூபின், பிள்ளையின் குடலிலும் பெரியவரின் குடலிலும் இருப்பது ஒரே சிதைவு என்று நிறுவினார். எல்லா வயதிலும் வரும் என்று ஜீ சொன்னது 1888இல். அது நிரூபணமாக இவ்வளவு காலம்.

வெப்பமண்டல ஸ்ப்ரூ வேறு நோய்தான். 1960களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அது கொள்ளைநோய் மாதிரிப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், வி. ஐ. மாதன் ஆகியோர் செய்த ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றவை. நுணுக்குக்காட்டிக்குக் கீழ் இரண்டு நோயும் கிட்டத்தட்ட ஒரேமாதிரித் தெரியும், ஆனால் வெப்பமண்டல ஸ்ப்ரூ போலிக் அமிலத்துக்கும் ரெட்ராசைக்கிளினுக்கும் அடங்கும், சீலியாக் அடங்காது. தென்னாசியாவின் தெற்கில் ஒரு வைத்தியரின் மனம் முதலில் கிருமிக்கும் ஸ்ப்ரூவுக்கும் போவதற்கு இப்படி நியாயமான காரணங்கள் இருந்தன. சீலியாக் ஐரோப்பியரின் நோய் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. 1966இலேயே வட இந்தியப் பிள்ளைகளின் சீலியாக் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் கட்டுரை வந்த பிறகும் அந்த எண்ணம் லேசில் போகவில்லை.

பெரியவர்களில் என்ன தெரியும்? வயிற்றோட்டம் பலருக்கு இருக்காது. இதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. முக்கியமான அடையாளம், இரும்புச்சத்துக் குளிசை மாதக் கணக்கில் போட்டும் ஏறாத இரத்தம். அதோடு வாய்ப்புண் திரும்பத் திரும்ப, வயிற்றுப் பொருமல், ஓயாத களைப்பு, கை கால் விறைப்பு, வயதுக்கு முந்தி எலும்பு தேய்தல். முழங்கை, முழங்கால், பின்பக்கம் ஆகிய இடங்களில் கொப்பளம் போட்டுக் கடுமையாகக் கடிக்கிற ஒரு தோல் வருத்தமும் இதன் முகம்தான், சிரங்கு என்று களிம்பு பூசிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளை தங்காமல் போகிறது, கரு திரும்பத் திரும்பக் கலைகிறது, இதற்கும் சிலரில் சீலியாக் காரணமாக இருக்கலாம். இப்படியான பெண்ணுக்கு எங்கட ஊர் என்னென்ன பேர் வைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆள் மெலிவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கொழுத்த ஆட்களிலும் சீலியாக் உண்டு.

மூன்றாவது கட்டம் இரத்தப் பரிசோதனையோடு வந்தது. இந்த நோயில் உடல் உருவாக்குகிற பிறபொருளெதிரிகளை 1980களிலிருந்து இரத்தத்தில் தேட முடிந்தது. அந்தப் பிறபொருளெதிரி குறிவைப்பது திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியத்தை என்று 1997இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு சோதனை லேசானது, பள்ளிக்கூடங்களிலும் ஊர்களிலும் சுகமாக நடமாடுகிற ஆட்களிடம் இரத்தம் எடுத்துப் பார்க்க முடிந்தது. அங்கே வெளிப்பட்டவர்கள்தான் இவ்வளவு காலமும் யாருடைய கணக்கிலும் வராதவர்கள்.

அவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டு. காலைக் கூட்டத்தில் வரிசையில் எப்போதும் முதலாவதாக நிற்கிற கட்டைப் பிள்ளை. தகப்பனும் தாயும் உயரம், பிள்ளை மட்டும் வளரவில்லை. அடிக்கடி வயிற்றுக்குத்து என்று சொல்லும், பள்ளிக்குப் போகக் கள்ளம் என்று நாங்கள் நினைப்போம். பால் பல் விழுந்து வந்த புதுப் பற்களில் மிளிரி சரியாகப் படியாமல் பள்ளமும் மஞ்சள் கறையும் இருக்கும், இடமும் வலமும் ஒரேமாதிரி. பல் வைத்தியர் ஒருவர் கவனித்தே இந்த நோய் பிடிபட்ட கதைகள் உலகில் உண்டு. பூச்சிக் குளிசை கொடுத்தாயிற்று, இரும்புப் பாணி கொடுத்தாயிற்று, ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தப் பிள்ளையைப் பற்றி இன்னொருக்கா யோசிக்க வேண்டும்.

இளவயதில் இது பதுங்கிவிடும். சின்ன வயதுத் தொல்லைகள் குறைந்த மாதிரி இருக்கும், சுகம் வந்துவிட்டது என்று நினைப்போம். கூடப் படித்த எல்லோரும் பெரியபிள்ளையான பிறகும் ஒருத்திக்கு மட்டும் பிந்துகிறது. பெடியனுக்கு மீசை வரவில்லை, குரல் உடையவில்லை. களைப்பு, கவனமின்மை, மனம் சோர்ந்து ஒதுங்குதல். போருக்குப் பிறகு வளர்ந்த எங்கட தலைமுறையில் மனச்சோர்வுக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. மனம் பட்ட காயத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆளின் இரத்தத்தையும் ஒருக்கா பார்க்கலாம் என்கிறோம்.

வயது போனவர்களிலும் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள், அறுபது தாண்டியும். சின்ன விழுகைக்கே இடுப்பெலும்பு முறியும். இரத்தம் குறையும், நிறை குறையும், நடை தள்ளாடும். முதுமை என்று சொல்லி எல்லோரும் விட்டுவிடுவோம், அந்த அம்மம்மாவே அப்படித்தான் சொல்லுவா.

இப்போது மாவுக்கு வருவோம். நாங்கள் சோறு தின்கிற ஆட்கள், கோதுமை நோய் எங்களுக்கு எதுக்கு என்று ஒருவர் கேட்கலாம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வயதானவர்கள் கோதுமை மாவை இன்னமும் அமெரிக்கன் மா என்று சொல்லுவினம். அந்தப் பெயரே வரலாறு. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1942இல் யப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீட்டில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. 1954இல் அமெரிக்கா தன் உபரித் தானியத்தை வெளியே அனுப்புவதற்காகக் கொண்டுவந்த பொதுச் சட்டம் 480இன் கீழ் மூட்டை மூட்டையாக வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியதும் கோதுமையாகவே கொண்டுவந்து இங்கே அரைத்தார்கள். யாழ்ப்பாணத்துக் குசினி அந்த மாவை அவித்து, அரித்து, புட்டும் இடியப்பமும் ஆக்கியது. தோசைக்கும் அதைச் சேர்த்தது. மலையகத்துத் தோட்டங்களில் அது ரொட்டியானது, அங்கே இன்றைக்கும் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கோதுமை மா அதிகம் சாப்பிடுகிறார்கள். தர்மபுரம் உட்படக் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றங்களில் காணி தேடி வந்த யாழ்ப்பாணத்தவர்களும், இனக்கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்களும் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் இருந்தார்கள். இரண்டு குசினியிலும் ஒரே மா.

பிறகு போர். இடம்பெயர்ந்தவனுக்கு நிவாரண அட்டை, சங்கக்கடை வரிசை, பையில் அரிசி, பருப்பு, சீனி, அதோடு மா. 2009 ஜனவரியில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து வந்து தர்மபுரத்தில் இயங்கியது. காயப்பட்டவர்கள் நிலத்தில் கிடந்த அந்த நாட்களில் ஒரு பிள்ளையின் ஆறுமாத வயிற்றோட்டத்தை யார் விசாரித்திருக்க முடியும்? அதன் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலும், மீள்குடியேறியபோது கொடுத்த உலருணவிலும் உலக உணவுத் திட்டத்தின் மா இருந்தது. அந்த மா பல ஆயிரம் உயிர்களைப் பிடித்து வைத்திருந்தது, அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஒல்லாந்துப் பஞ்சத்தையும் எங்கட பஞ்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. அங்கே பஞ்சம் பாணைப் பறித்தது, சீலியாக் பிள்ளை தேறியது, வைத்தியருக்குத் தெரிந்தது. இங்கே பஞ்சத்தோடு மா வந்தது. அந்த வரிசையில் ஒரு சீலியாக் பிள்ளை நின்றிருந்தால் அது மற்றப் பிள்ளைகளைப்போலவே மெலிந்திருக்கும், மற்றவர்கள் தேறிய பிறகும் மெலிந்தே இருந்திருக்கும்.

இது வெறும் கற்பனைக் கணக்கில்லை என்பதற்கு ஒரு மக்கள் கூட்டம் சாட்சி. மேற்கு சகாராவைச் சேர்ந்த சகாராவி மக்கள் 1975இலிருந்து அல்ஜீரியாவின் பாலைவன முகாம்களில் அகதிகளாக இருக்கிறார்கள். ஒட்டகப் பாலும் இறைச்சியுமாக வாழ்ந்தவர்களுக்கு நிவாரணமும் கோதுமையும் அன்றாட உணவானது. 1999இல் இத்தாலியின் கார்லோ கட்டாசி குழுவினர் அங்கே 990 பிள்ளைகளைச் சோதித்து, 5.6 வீதத்தினருக்குச் சீலியாக் இருப்பதாக லான்செட் இதழில் எழுதினார்கள். ஐரோப்பாவில் அது 1 வீதம் அளவில். சகாராவி மக்களின் பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு, ஆகவே அந்த எண்ணை வன்னிக்குத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. அகதி முகாமில் மெலிந்த பிள்ளையிடம் பசிக்கு மேலாக ஒரு காரணம் இருக்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எங்களுக்குக் கிட்டிய எண் 2016இல் வந்தது. முன்பு வேலூரில் பணியாற்றிய பி. எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான இந்திய ஆய்வு அது. வட இந்தியாவில் பெரியவர்களில் 1.23 வீதம், வடகிழக்கில் 0.87, தென்னிந்தியாவில் 0.10. நோய்க்கு வழிவிடுகிற பரம்பரையலகுகள் மூன்று பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்தன. வேறுபட்டது கோதுமை. வடக்கில் ஒருவர் நாளுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். வடகிழக்கில் 37 கிராம்தான், அங்கே நோய் அவ்வளவு குறையவில்லை என்பதால் கோதுமை அளவு மட்டுமே கதை என்றும் சொல்லிவிட முடியாது. எப்படியும் தெற்கின் குறைந்த எண்ணை எடுத்து நாங்கள் நிம்மதிப்பட முடியாது. கடையில் வாங்குகிற கால் இறாத்தல் பாணில் மட்டும் ஏறத்தாழ 75 கிராம் மா இருக்கிறது. காலையில் பாண், பின்னேரம் றோல்ஸ், இரவு கொத்து என்று போகிற ஒரு நாளில் நாங்கள் சோறு தின்கிற சாதி என்று சொல்வதற்கு ஒரு மத்தியானச் சாப்பாடுதான் மிஞ்சும்.

மெலிந்த பிள்ளை எல்லாம் சீலியாக் பிள்ளை இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாடும் பூச்சி மருந்தும் போதும். அவை கொடுத்தும் மாறாதபோது வைத்தியரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். சோதனையின் பெயர் ரி.ரி.ஜி – ஐ.ஜி.ஏ, கூடவே மொத்த ஐ.ஜி.ஏ அளவும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இயல்பாகவே குறைந்த ஆட்களில் முதல் சோதனை பொய்யாக இல்லை என்று காட்டும். தேவைப்பட்டால் கமரா விட்டுக் குடலில் சின்னத் துண்டு எடுப்பார்கள். ஒரு முக்கியமான விசயம்: இதை வாசித்துவிட்டு நாளைக்கே பாணை நிறுத்தாதீங்கோ. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சோதனையில் தெரியும், நிறுத்திவிட்டுப் போனால் இரத்தம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். குளூட்டனை விட்டால் உடம்பு இறங்கும் என்று இப்போது இணையத்தில் ஓடுகிற மோஸ்தருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுக்க விலக்க வேண்டும். எங்கட இடத்தில் அதற்கு வழி இருக்கிறது: அரிசிமாப் புட்டு, குரக்கன், சாமை, தினை, சோளம், உழுந்து, மரவள்ளி, ஒடியல். ஒல்லாந்துக்காரனுக்கு இல்லாத குசினி எங்களிடம் உண்டு. கள்ளமாக வருகிற கோதுமைதான் தொல்லை. ரவையும் சேமியாவும் கோதுமை. கடை இடியப்பத்தில் மா கலந்திருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பார்கள். சோயா சோஸில் இருக்கும், மோல்ற் பானத்தில் பார்லி இருக்கும். ரொட்டி சுட்ட அதே கல்லில் தோசை ஊற்றினால் அதுவும் காணும்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு இருந்தால், பெற்றோர், சகோதரங்கள், பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். முதலாம் வகை நீரிழிவு, தைரொயிட் வருத்தம், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிலும் வாய்ப்பு அதிகம். ஆகவே பிள்ளைக்குக் கண்டுபிடித்த அன்றே, வருசக்கணக்காக இரும்புக் குளிசை போட்டும் இரத்தம் ஏறாத அதன் தாயையும் கூட்டிக்கொண்டு போய் ஒருக்கா இரத்தம் எடுத்துப் பாருங்கோ.